‘கிடையாது’ என்று எழுதி வாங்கிய கதை

போன மாதம் ஒரு காலையில் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நான் உட்கார்ந்திருந்த ஓய்வூதியப் பிரிவில் இப்போது உட்கார்ந்திருக்கும் உதவியாளர். குரலில் நல்ல பதற்றம்.

“மேடம், ஒரு டவுட். பழைய ஃபேமிலி பென்ஷன் ஃபைல் எல்லாத்தையும் சிஸ்டத்துல ஏத்தச் சொல்லிட்டாங்க. மனைவி பேருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. இங்க ஒரு ஃபைல்ல ரெண்டு பேர் வர்றாங்க.”

“ரெண்டாவது பேரைப் போட்டா கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?”

“ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது மேடம். சுத்திக்கிட்டே இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் இந்த வேலையைச் செய்ய ஒரு மனிதர் இருந்தார். மாதச் சம்பளம், பஞ்சப்படி, நாற்காலியில் போடத் துண்டு எல்லாம் கொடுத்து வைத்திருந்தோம்.

“வால்வுக்காரர் கேஸ்தானே அது? எல்லாரும் சொல்றாங்க, ஆனா ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. என்ன மேடம் நடந்துச்சு?” என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அப்படி எழுத உட்கார்ந்ததுதான் இது.

நான் தாம்பரத்தை ஒட்டிய ஒரு நகராட்சியில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். எந்த நகராட்சி என்று யாரும் தேட வேண்டாம். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஓய்வூதியப் பிரிவில் கழிந்தது. அந்தப் பிரிவு பிறப்பு இறப்புப் பதிவு அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்தது. மனித வாழ்க்கையின் வரிசை தெரிந்த யாரோ ஒருவர்தான் கட்டடத்துக்கு வரைபடம் போட்டிருக்க வேண்டும்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பணிக்கொடை என்றால் என்ன, ஈட்டிய விடுப்பை எப்படிக் காசாக்குவது, வைப்பு நிதியில் முன்பணம் யாருக்கு, எதற்கு என்பதையெல்லாம் ஒரு பழைய கோப்புக் கட்டைப் புரட்டி நானாகவே படித்துக்கொண்டேன். எனக்கு முன்பிருந்த தலைமை எழுத்தர் ஒரே ஒரு பாடம் நடத்தினார். “கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்காதம்மா. உனக்கு முன்னாடி யார் போட்டிருக்காங்கன்னு பாரு.” அவர் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓய்வு பெற்றார்.

எங்கள் மேலாளர் பெயர் வரதராஜன். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு, மேஜையில் ஹோமியோபதிக் குப்பி. கெட்டவர் இல்லை. கை நீட்டிக் காசு வாங்கியவர் இல்லை. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியவர் இல்லை. ஆனால் எந்தக் கோப்பு மேலே போனாலும் அதன் ஓரத்தில் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்புவார்: “பேசவும்.”

சரி என்று பேசப் போவேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். “வாங்க கிரேஸம்மா, உக்காருங்க. பையன் எப்படிப் படிக்கிறான்?” என்பார். பையனைப் பற்றிப் பேசுவோம். சர்ச்சில் புதிதாக வந்த போதகர் எப்படி என்பார். அவரைப் பற்றியும் பேசுவோம். ஜிஎஸ்டி சாலையில் பாலம் கட்டுகிறேன் என்று தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றிப் பேசுவோம். நான் கோப்பைப் பிரிக்கும் நேரத்தில் தொலைபேசி மணி அடிக்கும். “சரி, வச்சுட்டுப் போங்க” என்பார். அடுத்த வாரம் கோப்பு திரும்பி வரும். “பேசினேன். மீண்டும் பேசவும்.”

ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். “சார், உண்டுன்னோ இல்லேன்னோ எழுதிட்டா நாங்க அடுத்த வேலையைப் பாப்போம்ல?”

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். “கிரேஸம்மா, ‘உண்டு’ன்னு எழுதினா ஆடிட்காரன் வருவான். ‘கிடையாது’ன்னு எழுதினா வக்கீல் நோட்டீஸ் வரும். ‘பேசவும்’னு எழுதினா யாரு வருவா? நீங்கதான் வருவீங்க. வாங்க, காபி சாப்பிடலாம்.”

அவருடைய திறமை முழுதாக வெளிப்பட்டது ஒரு பிரிவு உபசார விழாவில். வரி வசூலிப்பவர் ஒருவர் மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். மாலை நாலு மணிக்கு விழா. சால்வை போர்த்தியாயிற்று, சுவர்க் கடிகாரம் கொடுத்தாயிற்று. மேலாளர் மைக்கைப் பிடித்துப் பாராட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலிடத்திலிருந்து ஓர் உறை வந்தது. அவர்மீது ஏதோ விசாரணை இருக்கிறதாம். ஓய்வுபெற அனுமதிக்காமல் தற்காலிகப் பணிநீக்கம் செய்கிறோம் என்று உத்தரவு. ஓய்வு பெறுகிற அன்று மாலையில் இப்படி ஓலை வருவது அப்போதெல்லாம் எங்கள் துறையில் தீபாவளி, பொங்கல் போல வழக்கமான ஒன்று.

மேலாளர் படித்தார், மடித்துப் பையில் வைத்தார், பேச்சைத் தொடர்ந்தார். “நேர்மையாகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும்” என்று அதுவரை பேசியவர், “ஓய்வு பெறுவதாக இருந்த” என்று மட்டும் மாற்றிக்கொண்டார். மிக்சரும் ஜாங்கிரியும் பரிமாறப்பட்டன. மறுநாள் பண்டகப் பிரிவு எழுத்தர் ஒரு குறிப்பு வைத்தார்: சால்வை ஓய்வு பெறுபவருக்காக வாங்கியது, அவர் ஓய்வு பெறவில்லை, ஆகவே திரும்பப் பெற வேண்டுமா? மேலாளர் எழுதினார்: “பேசவும்.” அந்த மனிதர் வேலையிலும் இல்லாமல் ஓய்விலும் இல்லாமல் பல வருடம் அலைந்தார். குளிர் காலத்தில் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் என் பிரிவுக்கு வருவார்.

இனி வால்வுக்காரர் விஷயம்.

மாணிக்கம் குடிநீர்ப் பிரிவில் இருந்தார். நீளமான இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க் குழாய் வால்வைத் திறந்து மூடுவதுதான் வேலை. கோடை வந்துவிட்டால் நகராட்சித் தலைவருக்குக் கிடைக்காத வணக்கமெல்லாம் அவருக்குக் கிடைக்கும். அவருடைய மனைவி சரோஜா பம்மலில் இட்லிக் கடை நடத்திவந்தார். ஒரே மகள்.

அந்த நாளில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவுக்கு மட்டும் தண்ணீர் மற்ற தெருக்களைவிட அதிக நேரம் வந்தது. மேடான தெரு, அதனால்தான் என்று மாணிக்கம் சொல்லிவந்தார். அந்த மேட்டில்தான் தேவகி குடியிருந்தாள். கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கூட்டித் துடைக்கிற வேலை. விஷயம் தெரிந்தும் அந்தத் தெருவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு குடம் அதிகம் கிடைக்கும்போது ஒழுக்கம் பேச யாருக்கு மனம் வரும்? எங்கள் மேலாளர் வீடும் அந்தத் தெருவுக்கு அடுத்த திருப்பத்தில்தான் இருந்தது.

மாணிக்கம் தேவகிக்கு ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். சரோஜா முதலில் துடைப்பத்தை எடுத்தார். சில மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு மகளுக்கு மஞ்சள் காமாலை கண்டபோது, சரோஜா கடையை மூட முடியாமல் தவிக்க, தேவகி வந்து பிள்ளையோடு உட்கார்ந்தாள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. இட்லிக்கு மாவு சரோஜா, சட்னி தேவகி. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனதும், தலை பின்னியதும், கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொடுத்தபோது வாசலில் நின்று அழுததும் தேவகிதான்.

அரசுப் பணியில் இருப்பவர் முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்தால் வேலைக்கே ஆபத்து. அதனால் அலுவலகக் காகிதம் எதிலும் தேவகி இல்லை. மாணிக்கம் ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் வாங்க ஆரம்பித்துக் கொஞ்ச காலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

காரியம் முடிந்து இரண்டு பெண்களும் சேர்ந்து என் மேஜைக்கு வந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். தேவகி படி ஏறியதில் மூச்சு வாங்கி, சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

சரோஜா நேராக விஷயத்துக்கு வந்தார். “மேடம், வூட்டுக்காரர் பென்ஷன் எனக்கு வருமில்ல? அதோட ஆஸ்பத்திரி கார்டு ஒண்ணு குடுப்பாங்களாமே?”

“வரும்மா. நீங்க சட்டப்படி மனைவி. குடும்ப ஓய்வூதியமும் வரும், இன்சூரன்ஸ் கார்டும் வரும்.”

“எனக்கு வேணாம். என் பேரை அடிச்சுட்டு இவ பேரைப் போட்டுடு.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“இவளுக்கு ஹார்ட்டுல வால்வு போயிடுச்சு மேடம். ஆபரேசன் பண்ணணும்னு சொல்டாங்க. அந்தாளு ஊருக்கெல்லாம் வால்வு தொறந்துகினு கெடந்தாரு. வூட்ல இருக்கற வால்வைப் பாத்தாரா? போய்ச் சேந்துட்டாரு.”

தேவகி மெதுவாக, “அக்கா, சும்மா இரு” என்றாள்.

மனைவி என்கிற இடத்தைக் குடும்ப அட்டையில் விலாசம் மாற்றுவது போல மாற்ற முடியாது என்று விளக்கினேன். சரோஜா விடவில்லை. “நான் அவரை வுட்டுட்டேன்னு எழுதித் தரேன்.” இறந்துபோனவரிடமிருந்து விவாகரத்து வாங்க முடியாது என்றேன். “அப்ப நானும் செத்துட்டேன்னு எழுதிக்கோ. இன்னா இப்போ?” பக்கத்து அறைதான் இறப்புப் பதிவு. அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தேவகி தனியாக ஒரு ஏழைப் பெண்ணாக அதற்கு விண்ணப்பிக்கலாம். இருவரும் தாலுகா அலுவலகம் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். தேவகிதான் சொன்னாள்.

“அங்க ஒருத்தர், ‘உன் புருசன் கவர்மெண்டு ஆளு, உனக்குப் பென்சன் வரும், வருமானம் கீதே’ன்றாரு மேடம். ‘இல்ல சாமி, நான் ரெண்டாவது, எனக்கு ஒண்ணும் வராது’ன்னா, ‘அப்ப அந்த ஆபீஸ்ல கிடையாதுன்னு எழுதி வாங்கியா’ன்றாரு.”

ஆக, இங்கே மனைவி இல்லை என்பதால் அட்டை கிடையாது. அங்கே மனைவி என்பதால் அட்டை கிடையாது. அரசாங்கத்தின் இரண்டு கைகளும் ஒரே பெண்ணைத் தள்ளிவிடுவதில் இவ்வளவு ஒற்றுமையாக இயங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தேவகியிடமிருந்து ஒரு மனு வாங்கினேன். ‘எனக்குக் குடும்ப ஓய்வூதியமோ வேறு பலனோ உண்டா, இல்லையா என்று எழுத்தில் தெரிவிக்கவும்’ என்பதுதான் மனு. ஒரு பக்கத்துக் குறிப்பு எழுதினேன்: விதிப்படி கிடையாது, அவ்வாறே தெரிவிக்கலாம். இதைவிட எளிய கோப்பை நான் வாழ்நாளில் மேலே அனுப்பியதில்லை. அலுவலகத்துக்கு ஒரு பைசா செலவு இல்லை. கேட்கிறவளே ‘இல்லை’ என்ற பதிலுக்காகத்தான் காத்திருக்கிறாள்.

கோப்பு திரும்பி வந்தது. “பேசவும்.”

பேசினேன். பையனைப் பற்றி, போதகரைப் பற்றி, பாலத்தைப் பற்றி எல்லாம் பேசி முடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. தொலைபேசி மணி அடித்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

“சார், அந்தம்மாவுக்கு ஆபரேஷன். நாம ‘கிடையாது’ன்னு எழுதினாதான் அவங்களுக்குக் கார்டு கிடைக்கும்.”

அவர் முகம் வாடிவிட்டது. “நான் என் சர்வீஸ்ல யாருக்குமே ‘கிடையாது’ன்னு எழுதினதில்லை கிரேஸம்மா.” அதை ஒரு தர்மவான் சொல்வது போலச் சொன்னார். “நாளைக்கு அந்தம்மா இதை எடுத்துட்டு கோர்ட்டுக்குப் போனா? இப்ப ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்காங்க. ஒத்துமையா இருக்கறவங்களுக்கு நடுவுல நாம எதுக்கு எழுதணும்? தகராறுன்னு ஒண்ணு இருந்தா சரி, தீர்த்து வைக்கணும், எழுதித்தான் ஆகணும். தகராறே இல்லையே.”

“அப்ப தகராறு இருந்தா எழுதுவீங்களா சார்?”

“எழுதாம எப்படி? ஆட்சேபணை மனு வந்தா பதில் குடுத்தாகணும். அது விதி.” பிறகு வழக்கம்போல, “வச்சுட்டுப் போங்க” என்றார்.

அடுத்த தடவை வந்தபோது சரோஜா மட்டும் மாடிக்கு வந்தார். தேவகியால் ஏற முடியவில்லை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தாள். மேலாளர் சொன்னதை அப்படியே சரோஜாவிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“அப்ப நாங்க அடிச்சிக்கணும்?”

“நான் அப்படிச் சொல்லலைம்மா. விதி என்னன்னு சொன்னேன்.”

“நீ சொல்லல மேடம். எனக்குப் புரிஞ்சிடுச்சி.” புடவை முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

இரண்டு நாளில் சரோஜாவின் ஆட்சேபணை மனு வந்தது. யாரோ மனு எழுதுகிறவரிடம் போயிருக்கிறார். ‘மேற்படி தேவகி என்பவருக்கும் என் கணவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை’ என்று ஆரம்பித்து ஊரில் உள்ள வசவெல்லாம் அரசாங்கத் தமிழில் இருந்தது. மனுவோடு அவர்களும் நேரில் வந்தார்கள். தேவகியைப் படிக்குப் படி நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, சரோஜாதான் கைத்தாங்கலாக ஏற்றிக் கூட்டிவந்தார். மாடி வந்ததும் கையை விட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார். மேலாளர் டிபன் சாப்பிடும் நேரம். அவர் அறைக்கு வெளியே உள்ள நடையில்தான் எல்லாம் நடந்தது.

“ஏண்டி, எம் புருசன் பென்சனுக்கு நீ இன்னாடி பங்கு கேட்டுகினு வந்துக்கிறே?” என்று சரோஜா ஆரம்பித்தார். நடிப்பு ரொம்ப மோசம். பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேஷம் போட்டவர்போலக் கையை நீட்டினார்.

தேவகி, “இல்லக்கா... நான்...” என்று இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டு, “பேசுடி” என்றார், எங்கள் பிரிவுக்கே கேட்கும்படியாக.

வரி வசூல், பொறியியல், சுகாதாரம் எல்லாப் பிரிவிலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அலுவலக நேரத்தில் எங்கள் ஊழியர்கள் அவ்வளவு பேரையும் ஒரே இடத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

“எங்கேர்ந்துடி வந்தே நீ? உனக்கு இன்னா உரிமை கீது? நீ யாருடி அந்தாளுக்கு?”

தேவகியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சரோஜாவையே பார்த்தாள். “யாருமில்லதான்” என்றாள். “அதான் தெரியுமே. அவரு போன அன்னிக்கு என்னை உள் ரூம்ல உக்கார வெச்சுட்டீங்க. பத்தாம் நாளு உனக்கு எல்லாம் செஞ்சாங்க. சுத்தி உக்காந்து அழுதாங்க. தாலி எடுத்தாங்க. என்னை யாராச்சும் கூப்ட்டீங்களாக்கா? நான் அழறதுக்குக்கூட ஒரு எடம் இல்ல. கதவுக்குப் பின்னாடி புடவையை வாயில வெச்சுகினு நின்னேன். நான் யாரு அவருக்கு?”

 

சரோஜாவின் நீட்டிய கை இறங்கிவிட்டது. “நான்தாண்டி கூப்ட வேணாம்னு சொன்னேன்” என்றார். குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. “உன் கழுத்துலேர்ந்தும் அதை எடுக்கறதை நான் பாக்கணுமா? எனக்கு எடுத்தது போதாதா? உன்னை இந்தக் கூட்டத்துல உக்கார வெச்சு, பூவைப் பிச்சு, வளையலை ஒடச்சு... எனக்கு மனசு வரலைடி. அது உனக்குக் குத்தமாத் தெரிஞ்சிதா இவ்ளோ நாளா? ஒரு வார்த்தை கேட்டியா என்னை?”

“நீ சொன்னியா?”

“நீ கேட்டியா?”

இரண்டு பேரும் அழுதார்கள். சத்தம் போட்டு அழுதார்கள். பொறியியல் பிரிவில் இருந்த ஒரு முரட்டு மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கண்ணாடியும் மங்கிவிட்டது.

அந்த நேரத்தில் மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் சட்னி. இத்தனை வருட ஊழியத்தில் அவர் டிபன் பாதியில் எழுந்தது இல்லை.

“என்ன இங்க தகராறு?”

தகராறு என்ற சொல்லைக் கேட்டதும் சரோஜாவுக்கு வந்த வேலை நினைவுக்கு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இவளுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு எழுதிக் குடு சார்! இப்பவே குடு! இல்லேன்னா நாங்க இங்கியேதான் அடிச்சிகினு கெடப்போம்!” என்றார்.

மேலாளர் அவரைப் பார்த்தார், தேவகியைப் பார்த்தார், கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. “ஆட்சேபணை மனு வந்திருக்கா கிரேஸம்மா?” என்றார்.

“வந்திருக்கு சார்.”

“அப்ப எழுதித்தானே ஆகணும்.”

எழுதுவதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. நான் வைத்த வரைவில் ‘மேற்படி ஊழியருடன் முறையற்ற வகையில் வாழ்ந்துவந்த தேவகி’ என்று பழைய மாதிரி ஒன்றிலிருந்து எடுத்த ஒரு வரி இருந்தது. அவர் ‘முறையற்ற வகையில்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘இறுதிவரை’ என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். “கோர்ட்டுக்குப் போக மாட்டாங்கல்ல?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை வேறு யாருக்கும் ‘கிடையாது’ என்று எழுதவில்லை.

ஆணையை வாங்க இருவரும் வந்தபோது நான் கீழே இறங்கிப் போனேன். வண்டி நிறுத்துமிடத்து வேப்ப மரத்தடியில் தேவகி உட்கார்ந்திருந்தாள். “படிச்சுக் காட்டுங்க மேடம்” என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. படித்தேன். ‘மேற்படி ஊழியருடன் இறுதிவரை வாழ்ந்துவந்த தேவகி என்பவர், அன்னாரின் சட்டப்பூர்வ மனைவி அல்லர் என்பதால், குடும்ப ஓய்வூதியமோ பிற பணப்பலன்களோ மருத்துவ உதவியோ பெறத் தகுதியற்றவர் என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.’

அவள் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, மறுபடி நேராகப் பிடித்தாள். “இதுல அவரு பேரும் எம்பேரும் ஒண்ணா கீதா மேடம்?”

காட்டினேன். ஒரே வரியில்தான் இருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சரோஜாவிடம் கொடுத்தாள். சரோஜா அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

தாலுகா அலுவலகத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் மறுபேச்சு பேசவில்லையாம். அட்டை வந்தது. அறுவை சிகிச்சையும் நடந்தது. ரொம்ப நாள் கழித்துச் சரோஜா ஒரு தூக்கில் இட்லியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“ஆபரேசனுக்கு உள்ள கூட்டிகினு போறப்ப கையெழுத்துக் கேட்டாங்க மேடம். ‘பேசண்டுக்கு நீங்க யாரு?’ன்னு அந்த நர்சுப் பொண்ணு கேக்குது. உள்ளதைச் சொன்னா கார்டைப் புடுங்கிப்பாங்களோன்னு பயம். பக்கத்து வூடுன்னேன். பக்கத்து வூடெல்லாம் கையெழுத்துப் போடக்கூடாதாம். அப்ப இன்னாதான் எழுதணும், நீயே சொல்லுன்னேன். அது என் மூஞ்சியைப் பாத்துச்சு. ‘உறவினர்’னு அதுவே எழுதிக்கிச்சு. இன்னா உறவுன்னு அது கேக்கல. நானும் சொல்லல.”

“பயந்துட்டீங்களா?”

சரோஜா தூக்கின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

“வெளிய பெஞ்சில உக்காந்துகினு இருந்தேன். எம் புருசன் போன அன்னிக்குக்கூட நான் அப்டி அழல மேடம்.” சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். “அவகிட்ட சொல்லிக்கில்லிப் புடாத. தெரிஞ்சா ரொம்பப் பண்ணுவா.”